நிழலைக் கைவிட்ட உளி

கு யுவான் இருபதாம் நூற்றாண்டுச் சீனா கண்ட சிறந்த மரச்செதுக்கு ஓவியர்களுள் ஒருவர். 1919இல் தென்கோடி மாகாணமான குவாங்தோங்கில், இன்றைய சூகாய் நகரைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். 1996இல் பெய்ஜிங்கில் மறைந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த உளிவேலையையும், சீனக் குடியானவர்களின் கதவிலும் சன்னலிலும் தலைமுறை தலைமுறையாக ஒட்டப்பட்டு வந்த படமரபையும் ஒரே பலகையில் சேர்த்தவர் அவர். இந்தச் சேர்க்கைக்கு வழி காட்டியவர்கள் கலைக்கல்லூரிப் பேராசிரியர்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், அவர் படங்களைக் கையில் வாங்கிப் பார்த்து, இது சரியில்லை, அது இல்லை என்று குறை சொன்ன கிராமத்து மக்களே வழி காட்டினார்கள்.

மரச்செதுக்கு ஓவியம் என்பது பலகையில் படத்தைச் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுப்பது. உளி தோண்டிய பள்ளம் தாளில் வெள்ளையாக நிற்கும். மேடாக விடப்பட்ட பகுதி மை ஏற்றுக் கருப்பாகப் பதியும். ஒரே பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். இந்தக் கலை பிறந்த இடமே சீனாதான். காலக்குறிப்புடன் இன்று கிடைக்கும் அச்சுநூல்களில் மிகப் பழையது, 868ஆம் ஆண்டில் அங்கே அச்சான வஜ்ரச்சேதிகா சூத்திரம். அதன் முகப்பில் புத்தர் சீடர்களுக்கு உபதேசிக்கும் காட்சி மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டிருக்கிறது. துன்ஹுவாங் குகையில் கண்டெடுக்கப்பட்ட அந்தச் சுருள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் நான்ஜிங் நகரில் ஹு செங்யான் என்பவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை செய்து, பூவும் மூங்கிலும் பறவையும் தூரிகையால் தீட்டியவை போலவே தோன்றும் வண்ண அச்சுகளை வெளியிட்டார். தியான்ஜினை அடுத்த யாங்லியுசிங், சூசோ நகரின் தாவோஹுவாவு போன்ற ஊர்களின் பட்டறைகள் சந்திரப் புத்தாண்டுக்கான படங்களை அடித்துத் தள்ளின. கதவுக் காவல் தெய்வங்கள், கொழுகொழுவென்ற குழந்தைகள், மீன், தாமரை, நாடகக் காட்சிகள் என்று குடியானவர்கள் விரும்பியதெல்லாம் அவற்றில் இருந்தன. ஆண்டு முடிந்ததும் பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொள்வார்கள்.

இந்தப் பழைய முறையில் வேலை மூன்று பேருக்குப் பிரிந்திருந்தது. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். அந்தத் தாளைக் கவிழ்த்துப் பேரிக்காய் மரப் பலகையில் ஒட்டுவார்கள். செதுக்குபவர் கோட்டின் இருபுறமும் மரத்தைச் சீவி எடுத்துக் கோட்டை மட்டும் மேடாக நிறுத்துவார். அச்சிடுபவர் தூரிகையால் நீர் மை தடவித் தாளைப் பரப்பி, அதன் முதுகை நார்க்கட்டால் தேய்த்துப் படி எடுப்பார். செதுக்குபவரின் திறமை, தன் கை இருந்த சுவடே தெரியாமல் ஓவியரின் கோட்டைக் காப்பாற்றுவதில் இருந்தது. அவரைக் கைவினைஞர் என்றார்களே தவிர ஓவியர் என்று யாரும் சொன்னதில்லை.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வளர்ந்த மரச்செதுக்கு இதற்கு நேர் எதிரானது. அங்கே ஓவியரே வரைந்து, ஓவியரே செதுக்கி, ஓவியரே அச்சிட்டார். உருளையால் எண்ணெய் மை ஏற்றினார். அவருடைய எண்ணத்தில் பலகை முழுவதும் முதலில் கருப்பு. உளி படும் ஒவ்வொரு முறையும் ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வருகிறது. இருட்டிலிருந்து முகத்தையும் கையையும் சுவரையும் தோண்டி எடுக்கும் வேலை அது. உளியின் வேகமும் மரத்தின் முரடும் படத்தில் அப்படியே தெரியும். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் ஏழைகளின் பசியையும் பிள்ளையை இழந்த தாயின் துயரத்தையும் இப்படித்தான் செதுக்கினார்.

அச்சுக்கலையை உலகுக்குக் கொடுத்த நாடு, 1930களில் மரச்செதுக்கை வெளிநாட்டுக் கலையாகவே மறுபடி கற்றுக்கொண்டது. அதற்குக் காரணமானவர் எழுத்தாளர் லூ சுன். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில், செலவின்றிச் செய்யக்கூடியதும் எளிதில் பரவக்கூடியதுமான கலை இது என்று அவர் உறுதியாக நம்பினார். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் 6 நாள் பயிற்சி வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்தார். ஜப்பானிய ஓவிய ஆசிரியர் உச்சியாமா காகிச்சி பாடம் நடத்த, லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். மாணவர்கள் 13 பேர். சீனாவின் நவீன மரச்செதுக்கு வரலாறு வழக்கமாக அந்த அறையிலிருந்துதான் எழுதப்படுகிறது. கோல்விட்ஸின் படங்களை லூ சுன் தானே சேகரித்து, 1936இல் தொகுப்பாகவும் வெளியிட்டார். பழைய மரபையும் அவர் மறக்கவில்லை. அறிஞர் செங் செந்துவோவுடன் சேர்ந்து பழைய சித்திரக் கடிதத்தாள்களைத் தொகுத்து மறுபடி அச்சிடச் செய்தார். ஆனால் அவர் பின்னே வந்த இளைஞர்களின் கையில் மேற்கின் உளியே ஓங்கி நின்றது. 1935இல் லி ஹுவா செதுக்கிய ‘சீனாவே, கர்ஜி!’ என்ற புகழ்பெற்ற படத்தில், கண் கட்டப்பட்டுக் கம்பத்தில் கட்டுண்டு திமிறும் மனிதனின் ஒவ்வொரு தசையிலும் ஐரோப்பாவின் வேகம் இருக்கிறது.

கு யுவான் இந்த அலையில் சற்றுப் பின்னால் வந்தவர். 1938இல், ஜப்பானுடனான போர் மூண்ட மறு ஆண்டு, 19 வயதில் வடமேற்கில் ஷான்ஷி மாகாணத்திலிருந்த யெனானுக்குப் போனார். அது கம்யூனிஸ்ட்டுகளின் தலைமையிடம். மறு ஆண்டு அங்கே லூ சுன் பெயரில் நடந்த கலைக்கழகத்தில் சேர்ந்தார். வாழ்ந்ததும் படித்ததும் மண் குன்றைக் குடைந்த குகை வீடுகளில். எண்ணெய் வண்ணமும் கித்தானும் அந்த வறண்ட மேட்டு நிலத்துக்கு வந்து சேரவில்லை. பேரி மரமும் இலந்தை மரமும் கிடைத்தன. பழைய இரும்பை அடித்து உளி செய்துகொண்டார்கள். மாலான் என்ற உள்ளூர்ப் புல்லிலிருந்து செய்த முரட்டுத் தாளில் அச்சிட்டார்கள். செய்தித்தாளுக்குப் படம் வேண்டுமென்றால், செதுக்கிய பலகையை எழுத்துகளோடு சேர்த்து அச்சில் பூட்டினால் போதும். போர்க்காலச் சீனாவில் மரச்செதுக்கு இவ்வளவு செழித்ததற்குக் கொள்கையைப் போலவே இந்த வறுமையும் ஒரு காரணம்.

1940இல் கலைக்கழகம் அவரை நியன்சுவாங் என்ற கிராமத்துக்கு அனுப்பியது. அவருக்குக் கிடைத்த வேலை ஊராட்சி எழுத்தர் வேலை. கணக்கு எழுதுவது, கடிதம் எழுதுவது, மக்களுக்கு எழுத்தறிவிப்பது ஆகியவை அதில் அடங்கும். தெற்கத்திய உச்சரிப்போடு பேசும் இளைஞர் வடக்கத்தியக் குடியானவர்கள் நடுவில் ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்தார். எழுத்துப் பழக்கச் சிறு அட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் அதற்குரிய படமும் வரைந்து வீடுவீடாகக் கொடுத்தார். சில நாட்களில் ஒன்று தெரிந்தது. மக்கள் அந்த அட்டைகளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். எருது, கழுதை, ஆடு, கோழி வரைந்த அட்டைகளுக்குத்தான் அதிக மதிப்பு. கால்நடையே செல்வமாக இருந்த ஊர் அது. அதைக் கண்ட பிறகு கு யுவான் ஆட்டு மந்தை, மாட்டு மந்தை, குடும்ப வாழ்க்கை போன்றவற்றைச் செதுக்கி ஊராருக்கே கொடுத்தார்.

ஆட்டு மந்தைப் படத்தைப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு குறையும் சொன்னார்கள். மந்தையோடு நாய் இல்லாவிட்டால் ஓநாயிடமிருந்து ஆடுகளை யார் காப்பது? மேய்ச்சலில் ஆடு குட்டி போட்டால் இடையன் அந்தக் குட்டியைத் தூக்கிவர வேண்டாமா? கு யுவான் பலகையைத் திருத்தினார். நாய் வந்து சேர்ந்தது. இடையனின் கையில் பச்சைக் குட்டி வந்தது. விவரம் கூடியதோடு படத்தின் உணர்ச்சியும் மாறியது. பட்டிக்குத் திரும்பும் விலங்குகளின் வெறும் கூட்டமாக இருந்தது, ஒரு மனிதனின் பரிவுள்ள தினசரி வேலையாக ஆயிற்று. கு யுவானுடைய குணத்துக்கும் அதுதான் பொருந்தியது. அவருடைய சமகாலத்தவர்கள் பலர் கதறலையும் சீற்றத்தையும் செதுக்கியபோது, அவருக்கு அமைதியான காட்சிகளே இயல்பாக வந்தன.

1942 அக்டோபரில் சோங்சிங் நகரில் நடந்த தேசிய மரச்செதுக்குக் கண்காட்சியில் யெனான் ஓவியர்களின் படங்களும் வைக்கப்பட்டன. பாரிஸில் படித்துத் திரும்பிய, அன்றைய சீனாவின் பெரும்புகழ் பெற்ற ஓவியர் சூ பெய்ஹோங் அதைப் பார்த்தார். அப்போது 23 வயதே ஆகியிருந்த கு யுவானைச் சீனக் கலைக்குக் கிடைத்த அரிய மேதை என்று செய்தித்தாளில் மனம் திறந்து எழுதினார். சோங்சிங் அன்று கம்யூனிஸ்ட்டுகளோடு போட்டியிட்ட தேசியவாத அரசின் தலைநகரம் என்பதை நினைத்தால் அந்தப் பாராட்டின் துணிவு விளங்கும். ஆனால் சூ பெய்ஹோங் பாராட்டிய நடை, ஒளியும் நிழலும் திரண்டு உருவத்துக்குக் கனம் தரும் மேற்கத்திய நடை. அதே காலத்தில் கு யுவான் அதிலிருந்து விலகத் தொடங்கியிருந்தார்.

விலகியதற்கும் ஊராரே காரணம். ஐரோப்பிய முறையில் முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம் விழும், மறுபாதி நெருக்கமான கீறல்களால் இருண்டிருக்கும். கலைக்கல்லூரியில் படித்த கண்ணுக்கு அது நிழல். புத்தாண்டுப் படங்களையே பார்த்துப் பழகிய குடியானவர் கண்ணுக்கு அது பாதி கருத்த முகம். நல்ல மனிதரின் முகத்தை ஏன் இப்படி அழுக்காக்கினாய் என்று கேட்டார்கள். ‘யின் யாங் முகம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அறியாதவர்கள் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுவது எளிது. கு யுவான் தள்ளவில்லை. நிழல் என்பது ஒரு கணத்தில் ஒரு திசையிலிருந்து விழும் வெளிச்சத்தின் கணக்கு. சீன ஓவியமோ ஒரு பொருள் எப்போதும் எப்படி இருக்கிறதோ அதைக் கோட்டால் சொல்வது. ஊரார் கேட்ட எளிய கேள்விக்குள் இரண்டு பெரும் கலைமரபுகளின் வேற்றுமை முழுவதும் இருந்தது.

இந்த மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டுவது ‘மணவிலக்கு முறையீடு’ என்ற படம். யெனானைச் சுற்றிய எல்லைப் பகுதியில் 1939இல் புதிய திருமண விதிகள் வந்தன. பெண்ணும் மணவிலக்குக் கேட்கலாம் என்பது அந்த மண்ணுக்கு முற்றிலும் புதிய செய்தி. ஒரு பெண் அதிகாரியின் மேசைக்கு முன் வந்து முறையிடுகிறாள், சுற்றிலும் மனிதர்கள். இந்தக் காட்சியைக் கு யுவான் இருமுறை செதுக்கினார். 1940களின் தொடக்கத்தில் செய்த முதல் படத்தில் அறை இருண்டிருக்கிறது. சுவரும் தரையும் உடைகளும் நெருங்கிய கீறல்களால் நிறைந்திருக்கின்றன. முகங்கள் இருளிலிருந்து அரைகுறையாக வெளிப்படுகின்றன. கோல்விட்ஸின் நினைவு வராமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

1943இல் செய்த இரண்டாம் படத்தில் அதே கதை பகல் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பின்னணிக் கீறல்கள் உதிர்ந்து வெள்ளைத் தாள் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரின் உருவமும் சுத்தமான கருங்கோட்டால் வரையப்பட்டிருக்கிறது. முகங்களில் நிழல் இல்லை. யார் முறையிடுகிறாள், யார் கேட்கிறார், யார் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் புரிகிறது. கோட்டின் இருபுறமும் சீவிக் கோட்டை மேடாக நிறுத்தும் பழைய பட்டறை உத்திதான் இது. ஆயினும் இது பழைய புத்தாண்டுப் படமும் ஆகிவிடவில்லை. அறைக்கு உண்மையான ஆழம் இருக்கிறது. மனிதர்கள் எலும்பும் எடையும் கொண்டு தரையில் ஊன்றி நிற்கிறார்கள். பெண்ணின் தோளிலும் ஆணின் முதுகிலும் தெரியும் உடற்கூற்றறிவு மேற்கிலிருந்து கற்றது. வரைந்து, செதுக்கி, அச்சிட்டது ஒரே கை என்பதால் கோட்டில் உயிர் துடிக்கிறது. மேற்கின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு அதன் நிழலை மட்டும் கழற்றிவிட்டார் என்று சொல்லலாம்.

இரண்டில் எது உயர்ந்தது என்பதில் விமர்சகர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. முதல் படத்தின் இருளில் அந்தப் பெண்ணின் மனச்சுமை தெரிகிறது. இரண்டாவதில் அது தெளிவுக்கு விலையாகப் போய்விட்டது என்பது உண்மையே. ஆனால் யாருக்காகச் செதுக்கப்பட்டதோ அவர்களுக்கு முதல் படம் பேசவில்லை, இரண்டாவது பேசியது. ஓவியத் தரத்திலும் இரண்டாவதே துணிவானது. கீறல்களால் நிரப்பிய இடத்தில் சிறு பிழை மறைந்துவிடும். வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும் கோட்டில் எதையும் மறைக்க முடியாது.

அதே 1943இல் செய்த ‘குத்தகைக் குறைப்புக் கூட்டம்’ இந்த நடையின் உச்சம். நிலக்கிழாரின் வீட்டுக்குள் குத்தகை விவசாயிகள் திரண்டு வந்திருக்கிறார்கள். கணக்கேடும், தானியம் அளக்கும் மரக்காலும் சாட்சிகளாக நிற்கின்றன. ஒருவர் கை நீட்டி வாதாடுகிறார், ஒருவர் விரல் விட்டுக் கணக்குச் சொல்கிறார், நிலக்கிழார் மழுப்புகிறார். வன்முறை எதுவும் இல்லை. ஒவ்வோர் உருவமும் தனி மனிதராக இருக்கிறது என்பதே இந்தப் படத்தின் பெரிய சாதனை. பிரசாரப் படங்களில் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரே முகத்தின் பல படிகளாகத்தான் இருக்கும்.

மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கருவி கத்தரிக்கோல் வேலை. வட ஷான்ஷியில் பெண்கள் சிவப்புத் தாளைக் கத்தரித்து ஆடும் சேவலும் பூவும் செய்து, புத்தாண்டுக்குச் சன்னல் தாளில் ஒட்டுவார்கள். சன்னல் பூ என்பது அதன் பெயர். கு யுவானும் நண்பர்களும் ஊர் ஊராகப் போய் இவற்றைச் சேகரித்தார்கள். கத்தரித்த தாளுக்கும் செதுக்கிய பலகைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் வெட்டி எடுத்தது வெறுமையாகவும் விட்டுவைத்தது உருவமாகவும் ஆகின்றன. அந்த வடிவத்திலேயே அவர் மரத்தில் சன்னல் பூக்களைச் செதுக்கினார். உழவு, படிப்பு, கால்நடை வளர்ப்பு போன்ற புதிய வாழ்க்கைக் காட்சிகள் அவற்றில் இடம்பெற்றன. எழுத்தறியாத கிராமத்துப் பெண்களைத் தனக்கு ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்ட மனம் அது.

இந்த வளர்ச்சியில் அரசியலின் பங்கை மறைக்க முடியாது. 1942 மே மாதம் யெனானில் கலை இலக்கியம் பற்றி மாவோ ஆற்றிய உரைகளுக்குப் பிறகு, உழவருக்கும் தொழிலாளருக்கும் படைவீரருக்கும் புரியும் கலையே வேண்டும் என்பது கட்சியின் ஆணையாகிவிட்டது. கு யுவான் ஊரார் சொல்லைக் கேட்கத் தொடங்கியது அதற்கு முன்பே என்றாலும், 1943இன் தெளிவுக்குப் பின்னால் இரண்டு விசைகளும் இருந்தன. கலையை அரசியலோடு இறுகப் பிணைப்பதன் விலையையும் அவர் படங்களே காட்டுகின்றன. அதே ஆண்டு, உழைப்பு நாயகன் என்று கொண்டாடப்பட்ட வூ மன்யோ என்ற விவசாயியைப் புத்தாண்டுப் பட நடையில் வண்ணத்தில் செய்தார். சில ஆண்டுகளில் அந்த மனிதர் எதிரணியிடம் பிடிபட்டு, அவர்களோடு சேர்ந்துவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அதன்பின் அவர் பெயரும் உருவமும் பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டன. செதுக்கலில் குறையில்லாத படம் ஒன்று, அதில் இருந்த மனிதருக்காக மறைய வேண்டியதாயிற்று.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடகிழக்குச் சீனாவுக்குச் சென்ற கு யுவான், 1947இல் ‘பழைய நிலப்பத்திரங்களை எரித்தல்’, 1948இல் ‘மனிதப் பாலம்’ ஆகியவற்றைச் செய்தார். இரண்டாவது படத்தில், ஆற்றில் இறங்கி நிற்கும் மனிதர்கள் தோளில் தாங்கும் பலகைகளின் மேல் படை கடந்து செல்கிறது. 1949இல் அன்ஷான் எஃகு ஆலையின் சீரமைப்பைச் செதுக்கினார். 1957இல் ‘லியு சிதானும் செங்காவலரும்’ வந்தது. பிற்காலத்தில் வண்ணப் பலகைகளிலும் நீர்வண்ண ஓவியத்திலும் இயற்கைக் காட்சிகளை அதிகம் செய்தார். அவை நேர்த்தியானவை. ஆனால் நியன்சுவாங் கிராமத்துப் படங்களின் நெருக்கம் அவற்றில் இல்லை. பார்ப்பவர் பக்கத்திலேயே இருந்து குறை சொல்லும் வாய்ப்பு தலைநகரில் அவருக்கு மறுபடி அமையவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்தில் அவர் அச்சோவியம் கற்பித்தார். 1980களில் அதன் தலைவராகவும் இருந்தார். கலாசாரப் புரட்சியால் நின்றுபோன சேர்க்கை மீண்டும் தொடங்கிய 1977இல் அங்கே அச்சோவியத் துறையில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் சூ பிங். கிராமத்தில் உழைத்துவிட்டு வந்த அந்த இளைஞரின் தொடக்க காலச் சிறு மரச்செதுக்குகளில் ஊர்க் காட்சிகள் மலிந்திருக்கும். பிறகு அவர் சுமார் 4,000 எழுத்துகளைப் பலகையில் கையால் செதுக்கிப் பழைய முறையில் நூலாக அச்சிட்டார். சீன எழுத்துகள் போலவே தோன்றும் அவற்றுள் ஒன்றையும் யாராலும் படிக்க முடியாது. எல்லாம் அவரே புனைந்தவை. ‘வானத்திலிருந்து வந்த நூல்’ என்ற அந்தப் படைப்பு 1988இல் பெய்ஜிங்கில் முதலில் காட்டப்பட்டு உலகப் புகழ் பெற்றது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி செதுக்கியவர் ஆசிரியர். படித்தவருக்கும் புரியாதபடி செதுக்கியவர் மாணவர். அப்படியிருந்தும் கு யுவானின் பெருமையை ஆழமாக எடுத்தெழுதியவர்களில் சூ பிங் முக்கியமானவர். தன் காலத்து மக்களின் வாழ்க்கையிலிருந்தே புதிய கலைமொழியைக் கண்டெடுத்தவர் என்பதால், கு யுவானை அவர் தன் முன்னோடியாகக் கருதினார்.

கு யுவானின் பெயரில் சூகாய் நகரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவரைப் புதிதாக அறிய விரும்புவோர் ‘மணவிலக்கு முறையீடு’ படத்தின் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.